கறைக்கு வந்தவரின் கன்னம்: ரங்கூனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 51 வயது. ரங்கூன் பயின்னவுங் சந்தையில், பயறு மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் சரக்குப் பார்ப்பது அவர் வேலை. மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு கைப்பிடி உளுந்தை எடுப்பார், உள்ளங்கையில் பரப்புவார், வெளிச்சத்துக்குத் திருப்புவார். இது எஸ்க்யூ (சிறப்புத் தரம்), இது எஃப்ஏக்யூ (சராசரித் தரம்) என்று அங்கேயே சொல்லிவிடுவார். முப்பது வருடமாக நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவர், தன் பல்லின் நிறத்தைக் கண்ணாடியில் பார்த்தது மகளுக்கு நிச்சயம் கூடிவந்த பிறகுதான்.

"டாக்டரம்மா, கார்த்திகையில நிச்சயம். போட்டோக்காரன் சிரிங்கன்னுவான். ஆறு வாரம் இருக்கு. வெள்ளையாக்கி விட்டுடுங்க."

டாக்டரம்மா என்று தொடங்குவார், பேச்சு சூடுபிடித்தால் நான் சயாமா ஆகிவிடுவேன், பர்மிய மொழியில் ஆசிரியையையும் பெண் மருத்துவரையும் மரியாதையாக அழைக்கும் சொல் அது. நான் அவரை அண்ணே என்பேன். இதை எழுத அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

பழைய அட்டை

அவருக்கு என் கிளினிக்கில் ஏற்கெனவே ஓர் அட்டை இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு ஈறில் ரத்தம் வருகிறதென்று வந்திருக்கிறார். என் கையெழுத்தில் மூன்றே வரி: "வெற்றிலைக் கறை, காரை. சுத்தம் செய்யப்பட்டது. குன்யா குறைக்க அறிவுரை."

குன்யா என்பது இங்கே மடித்துக் கொடுக்கும் வெற்றிலை பாக்கு, காரை என்பது பல்லில் கல்லாக இறுகும் படிவு. வாய் எவ்வளவு திறந்தது என்று ஒரு எண் இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பார்த்தும் எழுதாமல் விட்டேனா, பார்க்கவே இல்லையா என்று இன்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு வரிசையில் பதினைந்து பேர் இருந்திருக்கலாம். அது காரணமாகாது. இந்த ஊரில் பல் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு வெற்றிலைக் கறை என்பது மழைக்காலத்துச் சேறு மாதிரி, எங்கும் இருப்பதால் கண்ணில் நிற்காது.

இந்த முறை ஒழுங்காகக் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை குன்யா? "எட்டு, பத்து." கூட வந்திருந்த மனைவி மேற்கூரையைப் பார்த்தார். அப்புறம் கணக்குப் போட்டதில் பதினைந்துக்குக் குறையவில்லை. 25 வயதில் தொடங்கியது. சந்தை வாசலில் வெற்றிலை வண்டிக்காரர் இலையில் சுண்ணாம்பைத் தடவி, சீவிய பாக்கு, காசுக்கட்டி, ஊறவைத்த புகையிலை, கொஞ்சம் சோம்பு, ஏலக்காய் வைத்து மடித்துச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார். வலது கன்னத்தில்தான் ஒதுக்குவார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துவிட்டு வாய் கொப்பளிப்பார். இரவு தூங்கும்போது ஒதுக்கிக்கொள்ளும் வழக்கம் இல்லை என்றார், அதற்கு மனைவி தலையாட்டினார்.

வாயைத் திறக்கச் சொன்னபோது

"நல்லா பெரிசா திறங்கண்ணே."

"இவ்வளவுதான் திறக்கும்."

மேல் முன்பல்லின் நுனிக்கும் கீழ் முன்பல்லின் நுனிக்கும் இடையே அளவுகோல் வைத்தால் 29 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 40 அல்லது அதற்கு மேல் இருப்பதுதான் இயல்பு. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு: சொந்தக் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் நிமிர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் விட வேண்டும். அவருக்கு இரண்டு விரல் போனது, மூன்றாவது நுழையவில்லை.

காரம் எப்படி என்று கேட்டேன். "இப்பல்லாம் ஒத்துக்கிறதில்ல, வயசாச்சில்ல." மனைவிதான் விளக்கினார். ஒரு வருடமாக அவருக்கென்று மிளகாய் போடாமல் தனியாகக் குழம்பு எடுத்துவைக்கிறாராம். மொய்ங்காவில் (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்ட மனிதர், சூடான தேநீரைக்கூட ஆற்றித்தான் குடிக்கிறார். வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். எரிந்தது வாய்.

கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பாக ஈரப்பசையோடு இருக்க வேண்டும். இவருக்கு வெளுத்துப் பளிங்கு மாதிரி இருந்தது. விரலால் தடவினால் கடைவாய்ப் பக்கம் மேலிருந்து கீழாகக் கயிறு ஓடுவது போல இறுகிய பட்டைகள் தட்டுப்பட்டன. வலது பக்கத்தில், குன்யா ஒதுக்கும் இடத்திலேயே, சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தால் போகவில்லை. நடுவில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். வெறும் வெள்ளையைவிட, சிவப்பு கலந்த வெள்ளைதான் அதிகச் சந்தேகத்துக்கு உரியது.

பற்களைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவரிடமும் சொல்லவில்லை.

ஒரே சரக்கு

பாக்கு தனியாக மென்றால் வாய் அவ்வளவு சிவக்காது, சுண்ணாம்பு சேர்ந்தால்தான் சிவக்கும். இது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வேதியியல். பாக்கிலும் காசுக்கட்டியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள், அதாவது டானின் வகைகள், சுண்ணாம்பின் காரத்தன்மையில் காற்றோடு சேர்ந்து சிவப்பாகின்றன. உமிழ்நீரிலிருந்து பல்லின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய புரதப் படலம் படியும். நிறம் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாள்பட நாள்பட சிவப்பு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகும். அதன்மேல் காரை கட்டும், காரை சொரசொரப்பாக இருப்பதால் மறுபடி கறை பிடிக்கும்.

பர்மியர் ஷா என்று அழைக்கும் மரத்தின் வைரத்தைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பதுதான் காசுக்கட்டி. ஒரு காலத்தில் இந்த நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக வெளியே போன சரக்கு. மீன்வலைக்கும் பாய்மரத் துணிக்கும் சாயம் ஏற்றவும் தோல் பதனிடவும் அதை வாங்கினார்கள். பதனிட்ட தோல் ஏன் அழுகுவதில்லை? டானின் தோலில் இருக்கும் கொலாஜன் நார்களைப் பிடித்து இறுக்கி, எளிதில் கரையாதபடி ஆக்கிவிடுகிறது.

கன்னத்துக்குள்ளும் கொலாஜன் நார்தான் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் அந்த நாரை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. பாக்கில் உள்ள செம்பு, நார்களை ஒன்றோடொன்று பின்னும் நொதியைத் தூண்டுகிறது. பின்னிய அந்த நாரை உடம்பு கரைக்கவிடாமல் டானின்கள் தடுக்கின்றன. பல்லில் கறையாகத் தெரிவதும் கன்னத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதும் ஒரே பையிலிருந்து வந்தவை. கறை வெளியே நிற்கிறது, அதனால் அதை அகற்ற வருகிறார்கள்.

இந்த இறுக்கத்துக்கு சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதை விவரித்து எழுதினார். கடல் கடந்து போன நம்மவர் வாயில்தான் மருத்துவ உலகம் இதை முதலில் அடையாளம் கண்டது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் செய்தி. இது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இது உள்ளவர்களில் புற்றாக மாறுவோர் பங்கு, ஆய்வுக்கு ஆய்வு 4 முதல் 13 விழுக்காடு வரை வேறுபடுகிறது. புகையிலை போடாத வெறும் வெற்றிலை பாக்குகூடப் புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் பதிந்திருக்கிறது. "நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் அக்காக்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

முதலில் கன்னம்

திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"நான் பல்லுக்கு வந்தேன். நீங்க கன்னத்தை வெட்டச் சொல்றீங்க. நிச்சயத்துக்கு முன்னாடி இது தேவையா சயாமா?"

நான் அவர் பாஷையில் கேட்டுப் பார்த்தேன். மூட்டையின் வாயில் நல்ல உளுந்து, குத்தூசி உள்ளேயிருந்து பூஞ்சைபிடித்ததைக் கொண்டுவருகிறது. மேலே இருப்பதைத் துடைத்து மெருகேற்றி லாரி ஏற்றுவீர்களா? கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குத்தூசி போட்டுப் பாருங்க" என்றார். இந்த உவமைக்காக நான் பெருமைப்பட்டுக்கொள்ள எதுவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு மேலே இருந்ததைத் துடைத்து அனுப்பியவள் நான்தான்.

அரசு மருத்துவமனை ஒன்றின் வாய், தாடை அறுவைப் பிரிவுக்கு அனுப்பினேன். பத்து நாளில் முடிவு வந்தது. சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் உறுதி. வெள்ளைத் திட்டில் செல்கள் லேசாகத் திரியத் தொடங்கியிருக்கின்றன, புற்று இல்லை. அறுவை மருத்துவர் திட்டை முழுதாக எடுத்துவிட முடிவு செய்தார். எடுத்தார்கள். இறுக்கத்துக்குக் கன்னத்தில் வாரம் ஒரு ஊசி, ஸ்டீராய்டும் ஹயலூரோனிடேஸ் என்ற நொதியும் கலந்தது, சில வாரங்களுக்கு. அதோடு ஐஸ்குச்சிப் பயிற்சி. தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பல்வரிசைகளுக்கு நடுவில் வைத்து, ஐந்து நிமிடம் பிடித்து, சில நாளுக்கு ஒருமுறை இன்னொரு குச்சி கூட்டுவது. மலிவானது, சலிப்பானது, உண்மையில் பயன் தருவது. 14 குச்சியில் ஆரம்பித்தார்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை குன்யாவை நிறுத்துவது. நிறுத்தாமல் போடும் ஊசி ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்தான். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் ஆளைப் பிடித்து வைக்கும். முதல் வாரம் தலைவலி, எரிச்சல், கிடங்குப் பையன்கள்மேல் கத்தல். சோம்பும் ஏலக்காயும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெற்றிலை வண்டி இல்லாத பின்வாசல் வழியாகச் சந்தைக்குப் போகத் தொடங்கியது அவர் சொந்த யோசனை, என் சோம்பைவிட அது நன்றாக வேலை செய்தது.

எந்தப் பல்லுக்கு எந்த நிறம்

சரி, இப்போது பல்.

நிறம் மாறிய பல்லைப் பார்க்கும்போது முதல் கேள்வி: கறை பல்லின் மேலா, உள்ளா? கருவியால் லேசாகச் சுரண்டினால் வருவது மேலே. வராதது உள்ளே. இரண்டாவது: ஒரே பல்லா, எல்லாப் பல்லுமா? எல்லாப் பல்லும் என்றால் இடமும் வலமும் ஒரே மாதிரியா? மூன்றாவது: எப்போதிருந்து? முளைக்கும்போதே அப்படியா, பிறகா? இந்த மூன்றும் காரணத்தில் முக்கால்வாசியைச் சொல்லிவிடும். காரணம் தெரியாமல் வெளுக்கத் தொடங்குவது, எந்தக் கறை என்று பாராமல் எல்லாத் துணியையும் ஒரே தொட்டியில் போடுவதுதான்.

இவர் வாயில் மூன்று நிறம் இருந்தது. கறுப்புப் பழுப்பு, எல்லாப் பல்லிலும், உட்புறமும் இடுக்கிலும் அதிகம். சுரண்டினால் செதிலாக வந்தது. அது வெற்றிலை, கூடவே ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை தேநீர். இரண்டாவது மஞ்சள். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்த இடங்களிலும், பாக்கைக் கடித்துக் கடித்து மேற்பூச்சு தேய்ந்த கடைவாய்ப் பற்களிலும். வெள்ளையாகத் தெரியும் எனாமல் மேலே ஒரு போர்வைதான், அதன் கீழே இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். போர்வை மெலிந்தால் அந்த மஞ்சள் வெளியே தெரியும். அது கறை அல்ல, எதைப் போட்டுத் தேய்த்தாலும் இன்னும்தான் மஞ்சளாகும்.

மூன்றாவது நிறம், மேல் இடது முன்பல் ஒன்று மட்டும், சாம்பல். கறை மூடியிருந்ததால் அவருக்கே தெரியாது. பல்லின் பின்னால் விளக்கைப் பிடித்தால் பக்கத்துப் பல் ஒளிர்ந்தது, இது இருண்டே கிடந்தது. குளிர் வைத்துப் பார்த்தால் உணர்ச்சி இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சின்ன நிழல். கேட்டால், 19 வயதில் மூட்டையோடு சைக்காவிலிருந்து, அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து, விழுந்த கதை வந்தது. அன்று உதடு கிழிந்தது, பல் ஆடியது, பிறகு சரியாகிவிட்டது. பல் சரியாகவில்லை, உள்ளே செத்தது. அடிபட்ட பல்லுக்குள் ரத்தம் கசிந்து, டென்டினின் நுண்குழாய்களில் புகுந்து, சிதையும்போது இரும்புச் சத்து கருமையாகத் தங்கிவிடும். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பல் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

இவரிடம் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே நாற்காலியில் அடிக்கடி பார்க்கிறேன். எல்லாப் பல்லிலும் குறுக்காகப் பட்டை பட்டையாகச் சாம்பல் பழுப்பு ஓடினால் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். தாய் கர்ப்பத்தின் பிற்பாதியில் சாப்பிட்டாலோ, குழந்தை எட்டு வயதுக்குள் சாப்பிட்டாலோ, மருந்து கால்சியத்தோடு சேர்ந்து உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்குள் குடியேறிவிடும். முதலில் மஞ்சளாக முளைத்து, வெளிச்சம் பட்டுப்பட்டுக் கருக்கும். சுத்தம் செய்தால் போகாது. வெளுப்பு மருந்தை மாதக் கணக்கில் வைத்தால் ஓரளவு இறங்கும். மீறினால் மேலே தகடு ஒட்டுவதுதான் வழி.

சுத்தம்

காயம் ஆறிய பிறகு இரண்டு அமர்வில் சுத்தம் செய்தேன். 29 மில்லிமீட்டருக்குள் கருவியும் கண்ணாடியும் என் விரலும் போக வேண்டும். கடைவாய் உட்புறத்துக்குப் பாதி நேரம் போனது. அல்ட்ராசோனிக் கருவியால் காரையை உடைத்து, சோடியம் பைகார்பனேட் தூளைத் தண்ணீரோடு பீய்ச்சும் கருவியால் இடுக்குக் கறையை எடுத்து, கடைசியில் பசை வைத்து மெருகு. இந்தக் கறுப்புக்கு வெளுப்பு மருந்து தேவையே இல்லை. மேலே ஒட்டியதை மேலேயே எடுத்துவிடலாம்.

"சுத்தம் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே?" இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. காரை ஈறுக்குள் இறங்கி எலும்பைக் கரைத்த பிறகு, பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது காரைதான் என்று தோன்றும். எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். இடுக்குகளும் திறந்துகொள்ளும், நாக்கு அங்கேயே போகும். அவருக்கும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. ஈறு இறுகியதும் மறந்துவிட்டார்.

இதில் ஒரு சறுக்கல். புண்ணுக்காக மருத்துவமனையில் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் கொடுத்திருந்தார்கள், இரண்டு வாரத்துக்கு. அவர் நல்லதுதானே என்று ஆறு வாரம் தொடர்ந்துவிட்டார். நான் மெருகேற்றிய பற்களில் மெல்லிய பழுப்பு மறுபடி. அவர் ரகசியமாகக் குன்யா போடுகிறார் என்று நினைத்து நான் முகத்தைச் சுருக்கினேன், அவருக்கு நியாயமான வருத்தம். அந்தக் கொப்பளிப்பானே பல்லைப் பழுப்பாக்கும், தேநீர் சேர்ந்தால் வேகமாக. அதைச் சொல்லி அனுப்பாதது மருத்துவமனை, கேட்காதது நான். நிறுத்தி, இன்னொரு முறை மெருகு போட்டோம்.

செத்த பல்

சாம்பல் பல்லை வெளியிலிருந்து வெளுக்க முடியாது. நிறம் உள்ளே இருக்கிறது, மருந்தும் உள்ளேதான் போக வேண்டும். முதலில் வேர்க்குழாய் சிகிச்சை. பின்பக்கமாகத் துளையிட்டு, செத்த திசுவை எடுத்து, குழாயைக் கழுவி அடைத்தேன். பிறகு அடைப்பை ஈறு மட்டத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை வெட்டி எடுத்து, அதன்மேல் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் ஒரு மூடி. இந்த மூடிதான் முக்கியம். வெளுப்பு மருந்து வேர்ப்பக்கம் கசிந்தால், சில வருடம் கழித்துப் பல்லின் கழுத்தை உடம்பே அரித்துத் தின்னத் தொடங்கும் ஆபத்து உண்டு. முன்பெல்லாம் அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துச் சூடும் காட்டினார்கள். அப்படிச் செய்த பற்களில் இந்த அரிப்பு வந்ததை 1979இல் ஹாரிங்டனும் நாட்கினும் எழுதிய பிறகு, விஷயம் தெரிந்தவர்கள் சூட்டைக் கைவிட்டார்கள்.

நான் வைத்தது சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்த பசை. ஈர மணல் மாதிரி இருக்கும். உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அது பாட்டுக்கு வேலை செய்யும். வாரம் ஒருமுறை மாற்றினேன். முதல் வாரம் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஈறோரம் தவிர மற்ற இடம் தெளிந்தது. மூன்றாவது முறையோடு நிறுத்தினேன். உடனே நிரந்தரமாக அடைக்கவில்லை. வெளுத்த பல்லில் தங்கும் ஆக்சிஜன் ஒட்டும் பசையைப் பிடிக்கவிடாது, பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

நிறத்தை வீட்டா அளவுகோலில் குறித்தேன். 16 சின்னப் பல் மாதிரிகள், ஏ1 முதல் டி4 வரை. எழுத்து சாயலைச் சொல்லும், எண் கூடக்கூட நிறம் கருக்கும். பல் ஈரமாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில், வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தே வைத்துக் காய்ந்த பல் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அளவுகோலை என் கையிலிருந்து வாங்கி, சன்னல் பக்கம் போய், கண்ணாடியில் தன் பல்லோடு வைத்துப் பார்த்து, "இது சி4, இப்ப ஏ3 பக்கம் வந்திருக்கு, ஆனா மேல கொஞ்சம் கறுப்பு நிக்குது" என்றார். நான் எழுதியிருந்ததும் அதேதான். பக்கத்துப் பற்கள் சுத்தத்துக்குப் பிறகு ஏ3.5.

ஏன் எல்லாப் பல்லையும் வெளுக்கவில்லை

அவர் கேட்டதே அதைத்தான், நான் மறுத்தேன். வீட்டிலேயே இரவில் அச்சுத் தட்டில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு வைத்துக்கொள்ளும் முறை 1989இல் ஹேவுட், ஹேமன் கட்டுரைக்குப் பிறகு பரவியது. சரியான வாய்க்கு அது நல்ல முறை, பாதுகாப்பானதும்கூட. கொஞ்ச நாள் பல் கூசும், பிறகு போய்விடும். ஆனால் செல்கள் திரியத் தொடங்கிய கன்னத்தை ஒட்டி மாதக் கணக்கில் பெராக்சைடை வைக்க எனக்கு மனமில்லை, புகையிலைக்காரருக்கு இன்னும் இல்லை. வேர் வெளியே தெரியும் பற்கள் துடிதுடித்துப் போகும். வேரின் மஞ்சள் அந்த மருந்துக்கு அவ்வளவாக இறங்காது. கடைவாயில் இருக்கும் பழைய அடைப்புகளும் நிறம் மாறாது.

அப்புறம், 51 வயதுப் பல் 51 வயதுப் பல்லாகத் தெரிவதில் என்ன குறை? இது மருத்துவக் காரணம் இல்லை, என் அபிப்பிராயம்.

மகள்

மூன்றாவது அமர்வில் மகளும் வந்தாள், 24 வயது. அவள் முன்பற்களில் சுண்ணாம்புக் கோடுகள் போல வெள்ளை, நடுவில் இரண்டு பழுப்புத் திட்டு, இடமும் வலமும் ஒரே மாதிரி. அப்பாவின் கறையே தனக்கும் வந்துவிட்டதோ என்ற பயத்தில் கரித்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து நாலு மாதமாகத் தேய்த்திருக்கிறாள். பழுப்பு அப்படியே இருக்க, பல் கூசத் தொடங்கியதுதான் பலன். எலுமிச்சை எனாமலை இளக்கும், கரி இளகியதைத் தேய்த்து எடுக்கும். இதைவிடத் திறமையாக ஒருவர் தன் பல்லைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

ஆறு வயது வரை மெய்க்தீலா பக்கம் பாட்டி வீட்டில் வளர்ந்தவள், குடித்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பர்மாவின் வறண்ட நடுப்பகுதியில் சில கிணறுகளில் ஃப்ளூரைடு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டும். நம் தருமபுரிக் கதைதான். பல் உருவாகும் வயதில் குடித்ததால் எனாமலே அப்படி அமைந்துவிட்டது. அமிலமும் நுண்தூளும் கலந்த பசையால் மேற்பரப்பை மிக மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, தேய்த்து எடுத்து, மிச்சமிருந்த வெள்ளைக்கு நீர்போன்ற ரெசினை உறிஞ்ச வைத்தேன். ஒரே நாளில் பழுப்பு போனது, வெள்ளைக் கோடுகள் பாதியாக மங்கின. மருத்துவரின் கையில் அளவோடு போகும் எனாமல் வேறு, குளியலறையில் கரியோடு போகும் எனாமல் வேறு என்று அவளுக்குச் சொன்னேன். "அப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டாள். அவர் அவளிடம் கன்னத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது அவர் சொல்ல வேண்டியது.

அட்டையின் கடைசி வரிகள்

நிச்சயதார்த்தம் கார்த்திகையில் நடந்தது. அன்றைக்கு முன்பல் இன்னும் பாதி சாம்பல்தான். கல்யாணம் தையில், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாசி, பங்குனியில் புது உளுந்து இறங்கும், கிடங்கில் ராவும் பகலும் வேலை. அங்கேதான் வழுக்கினார். கண் விழிக்க ஒன்று என்று ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் நாளைக்கு நாலு. அவரே போன் செய்து சொன்னார். திட்டவில்லை, மறுநாள் வரச்சொல்லிக் கன்னத்தைப் பார்த்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வை. போன வாரம் எழுதியது இது:

வாய்த் திறப்பு 34. மூன்றாவது விரல் நகம் வரை போகிறது. குச்சி 18. எரிச்சல் குறைவு, மிளகாய்க் குழம்பு ஒரே சட்டியில். கன்னம் இரு பக்கமும் வெளுப்பு, பட்டைகள் முன்பு போலவே. புதுத் திட்டு இல்லை, எடுத்த இடம் சுத்தம். மேல் இடது முன்பல் ஏ3, ஈறோரம் நிழல் நிற்கிறது. கீழ்ப்பற்களின் உட்புறம் லேசான புதுக் கறை.

குன்யா: வாரத்துக்கு ஒன்று என்கிறார். மனைவி மூன்று என்கிறார். மூன்று என்று எழுதிக்கொண்டேன்.